வீட்டுக் கணினியின் நினைவகப் பெருக்கம்: ஒரு வரலாற்று நோக்கு

பொருள்கள் இருவகையால் அழியும். பழுதுற்று அழிவது ஒருவகை. பழுது சிறிதும் இன்றியே பயன்படாது ஒழிவது மற்றொரு வகை. உழும் கலப்பையும் தைக்கும் இயந்திரமும் பெரும்பாலும் முதல்வகையால் அழிவன. வீட்டு மேசைமீது வைத்து ஆளப்படும் கணினியோ இரண்டாம் வகைக்கே பெரிதும் இலக்காவது. அதன் உறுப்புக்கள் யாவும் வாங்கிய நாளிற்போலவே இயங்கும். ஆயினும் அதனிடம் ஒப்படைக்கப்படும் வேலை ஆண்டுதோறும் பெருகிச் செல்ல, ஒரு நாள் அது தள்ளாடத் தொடங்கும். அவ்வாறு தள்ளாடும் கணினியை எறிந்துவிடாது மேலும் சில ஆண்டுகள் வாழ்விக்கும் வழிகளுள் எளிதானது, அதன் நினைவகத்தைப் பெருக்குதலாகும்.

பெட்டியின் மூடியைக் கழற்றி, அரைச் சாணுக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய ஒரு பலகைத் துண்டைக் குதையிற் செருகிவிடுதல் சில நிமிட வேலையே. எனினும் இவ்வெளிமை இயல்பாக வாய்த்ததன்று. அது சிறிது சிறிதாகப் பெறப்பட்டது, இடையிடையே இழக்கவும்பட்டது, இக்காலத்தில் மீண்டும் இழக்கப்படும் நிலையை அடைந்துள்ளது. பெற்றமைக்கும் இழந்தமைக்கும் காரணம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நினைவகத்தின் தொழில்

கணினியின் உள்ளே செய்திகளை வைத்திருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வட்டு முதலிய களஞ்சியம். மின்னோட்டம் நின்ற பின்னும் அது தன்னிடம் உள்ளவற்றைக் காக்கும். மற்றையது றாம் என வழங்கும் நினைவகம். வேலை நடக்கும்பொழுது மாத்திரம் பயன்படுவது. மின்னோட்டம் நின்றதும் வெறுமையாவது. முன்னையதைப் புத்தக அலுமாரிக்கும் பின்னையதைப் படிக்கும் மேசைக்கும் ஒப்பிடலாம். மேசை சிறிதாயின், மாணவன் ஒரு நூலை அலுமாரியில் வைத்துவிட்டே மற்றொரு நூலை எடுத்தல் வேண்டும். அவனுடைய பொழுது படிப்பதிற் கழியாது நடப்பதிற் கழியும்.

கணினியிலும் நிகழ்வது இதுவே. நினைவகம் நிரம்பியவிடத்து, உடன் வேண்டாதவற்றைக் களஞ்சியத்துக்கு அனுப்பி வேண்டியவற்றை மீட்கும் முறையை மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 1962 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அற்லஸ் கணினியில் அமைத்தனர். மெய்ந்நிகர் நினைவகம் எனப்படும் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. இதனால் வேலை நின்றுவிடாது. ஆயின் வட்டு நினைவகத்தினும் பன்மடங்கு மெதுவானதாதலின் வேலை தாமதப்படும். நினைவகம் பெருக்கப்பட்ட பழைய கணினி புத்துயிர் பெற்றதுபோலத் தோன்றுவதன் காரணம் இதுவே. அதன் செயலி விரைவடைந்ததன்று. வீணான நடை ஒழிந்தது. நினைவகம் ஏற்கெனவே போதிய அளவில் இருக்குமாயின், மேலும் சேர்ப்பதால் இத்தகைய பயன் விளையாது என்பதும் இதனாலேயே விளங்கும்.

இயந்திரத்தோடு ஒன்றியிருந்த காலம்

1948 ஆம் ஆண்டு யூன் மாதம் 21 ஆந் திகதி, மான்செஸ்ரரில் வில்லியம்சும் கில்பேணும் அமைத்த சிறு கணினி, தன் நினைவகத்திலேயே வைக்கப்பட்ட செய்நிரலை முதன்முதலாக இயக்கியது. கதோட்டுக் கதிர்க் குழாயின் முகத்திற் புள்ளிகளாக எழுதப்பட்ட அந்நினைவகம் 32 பிற்று நீளமுடைய 32 சொற்களைக் கொண்டது. இக்கால அளவையில் அது 128 பைற்றுக்களே ஆகும். அக்காலத்து நினைவகம் இயந்திரத்தோடு ஒன்றாகக் கட்டப்பட்டது. அதனைப் பெருக்குதல் பொறியியலாளரின் வேலையன்றி உரியவரின் வேலையாகக் கருதப்படவில்லை.

அடுத்து வந்தது காந்த அகணி நினைவகம். சங்காயில் 1920 இற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆன் வாங் என்பவர் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் ஆராய்ந்து, 1949 இல் உரிமக் காப்புக்கு விண்ணப்பித்தார். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் ஜே பொறெஸ்ரர், சிறு காந்த வளையங்களைக் கம்பிகளிற் கோத்து வலையாக அமைத்தார். அவ்வலை 1953 இல் வேள்விண்ட் என்னும் கணினியிற் பொருத்தப்பட்டது. வளையங்களை ஒவ்வொன்றாகக் கோப்பது நுண்ணிய கைத்தொழிலாயிருந்தமையின் அதன் விலை வீடுகளுக்கு எட்டாததாயிற்று.

அந்நிலையை மாற்றியவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் றொபேட் டெனாட். ஒரு பிற்றைத் தாங்குவதற்கு ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியுமே போதும் என்னும் எண்ணம் அவருக்கு 1966 இல் உதித்தது; 1968 இல் அதற்கு உரிமக் காப்புக் கிடைத்தது. கொள்ளளவியில் ஏற்றிய மின்னேற்றம் விரைவிற் கசிந்துவிடுமாதலின் அதனை இடைவிடாது புதுப்பித்தல் வேண்டும். இக்குறை ஒன்றைப் பொறுத்துக்கொண்டால், மிகச் சிறிய இடத்தில் மிகப் பல பிற்றுக்களை அடக்கலாம். மின்னேற்றத்தை இடைவிடாது புதுப்பிக்கும் வகையைச் சேர்ந்த, 1024 பிற்றுக் கொள்ளும் 1103 என்னும் சில்லை இன்ரெல் நிறுவனம் 1970 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நினைவகம் கோக்கப்படும் பொருளாயிருந்த நிலை நீங்கி, அச்சிடப்படுவது போன்று பெருந்தொகையில் ஆக்கப்படும் பொருளாயிற்று. சில்லைத் தனியே வாங்கலாம் என்ற நிலை வந்த பின்னரே உரியவர் தம் நினைவகத்தைத் தாமே பெருக்குதல் என்னும் பேச்சுக்கு இடம் உண்டாயிற்று.

வீட்டிற் புகுந்த முதற் கணினிகள்

1975 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அமெரிக்க இதழொன்றின் அட்டையில் வெளிவந்த அல்ரெயர் 8800, வீட்டில் வைத்துக் கோக்கத்தக்க கணினியாகப் புகழ்பெற்றது. அதனோடு தரப்பட்ட நினைவகம் 256 பைற்றுக்கள் மாத்திரமே. மான்செஸ்ரர்க் கணினியின் நினைவகத்திற்கு இரு மடங்கு. போல் அலனும் பில் கேற்சும் அதற்கென எழுதிய பேசிக் மொழியின் மிகச் சிறிய வடிவமோ 4 கிலோபைற்று நினைவகத்தை வேண்டிற்று. ஆகவே, வீட்டுக் கணினி பிறந்த ஆண்டிலேயே நினைவகப் பெருக்கமும் இன்றியமையாததாயிற்று.

அல்ரெயரை ஆக்கிய நிறுவனம் விற்ற 4 கிலோபைற்றுப் பலகைகள் நம்பத்தகாதவை எனப் பெயரெடுத்தன. அவ்வேளையில், அக்கணினியின் பலகைகளை இணைக்கும் 100 தொடுமுனைப் பாதையைக் கற்றறிந்த கலிபோர்னியாவின் பிறொசெசர் ரெக்னொலொஜி என்னும் சிறு நிறுவனம், அதே பாதையிற் செருகத்தக்க வேறொரு 4 கிலோபைற்றுப் பலகையை ஆக்கி விற்றது. ஒரு நிறுவனத்தின் கணினிக்கு மற்றொரு நிறுவனத்தின் நினைவகம் என்னும் வழக்கம் இவ்வாறு தொடங்கிற்று. எஸ்-100 எனப் பெயர்பெற்ற அப்பாதை 1983 இற் பொதுத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

1977 இல் வெளிவந்த இரண்டாம் அப்பிள் கணினியில் ஸ்ரீவ் வொஸ்னியாக் நினைவகச் சில்லுகளுக்கென 24 குதைகளை மூன்று வரிசைகளாக அமைத்தார். 4 கிலோபைற்றோடு வாங்கினோர் பின்னர்ச் சில்லுகளை வாங்கி 48 கிலோபைற்று வரை உயர்த்தலாம். 4 கிலோபைற்றுடைய கணினியின் விலை 1298 டொலர். 48 கிலோபைற்றுடையதன் விலை 2638 டொலர். அவ்விரு விலைகளுக்கும் இடையிலுள்ள 1340 டொலரும் நினைவகத்தின் விலையே. இயன்றபோது இயன்ற அளவு சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அக்காலக் குடும்பங்களுக்கு எத்துணைப் பெரிதாயிருந்தது என்பதை இவ்வெண்கள் காட்டும்.

பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த சின்கிளேயர் இசற்.எக்ஸ். 81 என்னும் கணினி 69.95 பவுணுக்கு விற்கப்பட்டது. அதன் நினைவகம் 1 கிலோபைற்று. பின்புறத்திற் செருகப்படும் 16 கிலோபைற்றுப் பெட்டி தனியே விற்கப்பட்டது. அப்பெட்டி இறுகப் பொருந்தாமையால் விசைகளை அழுத்தும்போது சற்று ஆடும். ஆடியவுடன் கணினி நின்று, மணிக்கணக்கில் எழுதிய செய்நிரல் அழியும். ஒட்டுப்பசையும் களிமண் போன்ற ஒட்டுப்பொருள்களும் கொண்டு அதனை நிலைநிறுத்த முயன்றோர் பலர். நினைவகம் சேர்க்கப்படுவது மாத்திரம் போதாது, உறுதியாகப் பொருந்தவும் வேண்டும் என்பதை இவ்வனுபவம் கற்பித்தது.

இரு வழிகள்

1981 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 12 ஆந் திகதி ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிமுகஞ் செய்தது. அதன் தாய்ப்பலகையில் நினைவகச் சில்லுகளுக்கு நான்கு வரிசைகள் இருந்தன. முதல் வரிசையிற் சில்லுகள் பற்றாசினால் ஒட்டப்பட்டிருந்தன. ஏனைய மூன்றும் குதைகள். வரிசைக்கு ஒன்பது சில்லுகள்: எட்டுச் செய்திக்கு, ஒன்று பிழை காண்பதற்கு. ஆகவே 16 கிலோபைற்றிலிருந்து 64 கிலோபைற்று வரை பலகையிலேயே உயர்த்தலாம். அதற்குமேல் விரிவுத் துளைகளிற் செருகும் அட்டைகளால் உயர்த்தலாம். கணினியின் சுற்றுப்படங்களை ஐ.பி.எம். நூலாகவே வெளியிட்டமையால், பிற நிறுவனங்கள் தயக்கமின்றி அட்டைகளை ஆக்கின. அவற்றுள் ஒன்றாகிய ஏ.எஸ்.ரி. நிறுவனத்தின் அட்டை 384 கிலோபைற்றுவரை தாங்கியது. பின்னர் வந்த தாய்ப்பலகையின் 256 கிலோபைற்றோடு இதனைச் சேர்க்க, அக்கணினியிற் செய்நிரல்களுக்கென ஒதுக்கப்பட்ட 640 கிலோபைற்று எல்லை நிரம்பும்.

மற்றைய வழியை 1984 ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த அப்பிள் மக்கின்ரொஷ் காட்டிற்று. அதன் 128 கிலோபைற்று நினைவகம் முழுவதும் பலகையோடு ஒட்டப்பட்டிருந்தது. பெட்டியைத் திறப்பதற்கே நீண்ட கழுத்துடைய சிறப்புத் திருகாணி செலுத்தி வேண்டும். அவ்வாண்டு செத்தெம்பரிலேயே 512 கிலோபைற்றுடைய புதிய மக்கின்ரொஷ் விற்பனைக்கு வந்தது. எட்டு மாதங்களுக்கு முன் 2495 டொலர் கொடுத்து வாங்கினோர், நினைவகம் பெருக்க விரும்பின், முறைப்படி முழுப் பலகையையுமே மாற்ற வேண்டியவராயினர். அதனை வடிவமைத்த பொறியியலாளர் பரெல் ஸ்மித், பெரிய சில்லுகளை ஏற்பதற்கான ஒழுங்கைப் பலகையில் முன்னரே அமைத்திருந்தார். அதனால், பற்றாசை உருக்கிச் சில்லுகளை மாற்ற வல்லோர் சிலர் தாமே அவ்வேலையைச் செய்துகொண்டனர். 1986 சனவரியில் வந்த மக்கின்ரொஷ் பிளஸ் கணினியில் அதே நிறுவனம் நான்கு நினைவகக் குதைகளை வைத்தது. 1 மெகாபைற்றிலிருந்து 4 மெகாபைற்று வரை அதனை உயர்த்த முடிந்தது. மூடிய வழியிற் சென்ற நிறுவனமே ஈராண்டுக்குள் திறந்த வழிக்குத் திரும்பியமை நோக்கத்தக்கது.

நினைவகக் கூறு

அந்நான்கு குதைகளிலும் செருகப்பட்டவை தனிச் சில்லுகள் அல்ல. பல சில்லுகளை ஒரு சிறு பலகைத் துண்டில் ஒட்டி, அத்துண்டின் ஓரத்தில் தொடுமுனைகளை வரிசையாக அமைத்த நினைவகக் கூறுகளே அவை. முன்னர்ச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் குதையில் அழுத்த வேண்டியிருந்தது. ஒரு கால் மடங்கினும் முழு வரிசையும் பயன்படாது. வரிசைக்கு ஒன்பது சில்லுகள் எனின் 9 சில்லுகளுக்கும் அத்தொல்லை. ஒற்றைவரிசை நினைவகக் கூறு இத்தொல்லையை நீக்கியது. அதனை ஆக்கியவர் வாங் ஆய்வுகூடங்கள் என்னும் நிறுவனத்தின் ஜேம்ஸ் கிளேற்றன். உரிமக் காப்புக்கு விண்ணப்பித்த ஆண்டு 1983. அந்நிறுவனத்தை 1951 இல் நிறுவியவர் வேறொருவரல்லர். காந்த அகணி நினைவகத்துக்கு வழிகாட்டிய அதே ஆன் வாங் ஆவார்.

கூறுகள் வந்த பின்னும் ஒரு கணக்கு எஞ்சி நின்றது. 30 முனைகளையுடைய கூறு ஒரு வேளையில் 8 பிற்றுக்களைத் தரும். 32 பிற்று அகலமுடைய செயலி உள்ள கணினியில் அத்தகைய கூறுகள் நான்கினை ஒருங்கே பொருத்துதல் வேண்டும். ஒன்றை மாத்திரம் சேர்த்தல் பயன்படாது. அடுத்து வந்த 72 முனைக் கூறு 32 பிற்றுக்களைத் தந்தது. ஆயின் 1993 இல் வந்த பென்ரியம் செயலியின் நினைவகப் பாதை 64 பிற்று அகலமாதலின் அங்கும் இரண்டு வேண்டியிருந்தது. 168 முனைகளையுடைய இரட்டைவரிசைக் கூறு 64 பிற்றுக்களையும் தானே தந்தபோது, ஒரு கூறு வாங்கினும் போதும் என்னும் நிலை பிறந்தது. தன் அளவையும் வேகத்தையும் கணினிக்கு அறிவிக்கும் ஒரு சிறு சில்லும் அக்கூற்றில் இடம்பெற்றது. முன்னர்ப் பலகையிலுள்ள சிறு ஆளிகளை உரியவரே கணக்கிட்டு மாற்றிய நிலை இதனால் ஒழிந்தது.

இவற்றின் அளவுகளை வகுத்தது ஜெடெக் என்னும் தரநிர்ணய அமைப்பு. 1958 இற் தோன்றிய அவ்வமைப்பில், சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களே கூடித் தரங்களை வகுக்கின்றன. டி.டி.ஆர். தரம் 2000 இலும், இரண்டாவது தரம் 2003 இலும், மூன்றாவது 2007 இலும், நான்காவது 2012 இலும், ஐந்தாவது 2020 இலும் வெளிவந்தன. ஒவ்வொரு தலைமுறையிலும் மின்னழுத்தம் குறைந்து வந்தது: முதலாவதில் 2.5 உவோற்று, நான்காவதில் 1.2 உவோற்று, ஐந்தாவதில் 1.1 உவோற்று. ஒரு தலைமுறைக்குரிய கூறு மற்றொன்றின் குதையிற் புகாதிருத்தற்பொருட்டு ஓரத்திலுள்ள வெட்டின் இடம் மாற்றப்பட்டது. ஆதலின் நினைவகம் வாங்குவோர் முதலில் அறியவேண்டியது தம் தாய்ப்பலகை எத்தலைமுறையை ஏற்பது என்பதையும், மொத்தம் எத்துணை அளவைத் தாங்கும் என்பதையுமே. பொருத்தும்போது மின்னிணைப்பை நீக்குதலும், உடலிலுள்ள நிலைமின் சில்லை அழிக்காதவாறு பெட்டியின் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுதலும், கூற்றை ஓரங்களிற் பற்றி வெட்டை ஒப்பவைத்து இருபுறக் கொளுவிகளும் பூட்டும்வரை அழுத்துதலும் போதிய காவலாகும்.

தேவையும் விலையும்

நினைவகத் தேவை எவ்வாறு வளர்ந்தது என்பதைப் பணிசெயல் முறைமைகளின் குறைந்தபட்ச அளவுகள் காட்டும். 1995 இல் வந்த வின்டோஸ் 95 வேண்டியது 4 மெகாபைற்று. 2001 இல் வந்த வின்டோஸ் எக்ஸ்.பி. வேண்டியது 64 மெகாபைற்று. 2021 இல் வந்த வின்டோஸ் 11 வேண்டுவது 4 கிகாபைற்று. 26 ஆண்டுகளில் 1024 மடங்கு! இடையில் மற்றோர் எல்லையும் குறுக்கிட்டது. 32 பிற்று முகவரியாற் சுட்டத்தக்க பைற்றுக்கள் 4 கிகாபைற்றுக்கு மேற்படா. அதன் ஒரு பகுதியைப் பிற உறுப்புக்கள் கவர்ந்துகொள்ளுமாதலின், 4 கிகாபைற்றைப் பொருத்தியோர் பலர் அதில் முழுவதையும் காணாது திகைத்தனர். 2003 இல் 64 பிற்றுச் செயலிகள் வீட்டுக் கணினிகளுக்கும் வந்த பின்னரே இவ்வெல்லையைக் கடக்கும் வழி பிறந்தது.

தரம் பொதுவாயினும் விலை நேர்மையாயிருந்தது எனல் இயலாது. 1993 ஆம் ஆண்டு யூலை மாதம் யப்பானின் நீகாமா நகரிலுள்ள சுமிற்றோமோ இரசாயனத் தொழிற்சாலையில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. சில்லுகளைப் பொதியும் பிசின் அங்கேயே பெரிதும் ஆக்கப்பட்டமையின் உலகெங்கும் நினைவக விலை ஏறிற்று. அது விபத்தின் விளைவு. 1999 க்கும் 2002 க்கும் இடையில் நிகழ்ந்ததோ விபத்தன்று. பெரும் உற்பத்தியாளர் சிலர் தம்முட் கூடி விலையை நிர்ணயித்தனர். அமெரிக்க நீதித் திணைக்களம் தொடர்ந்த வழக்குகளிற் குற்றத்தை ஒப்புக்கொண்ட நிறுவனங்களுள் இன்பினியன் 2004 இல் 160 மில்லியன் டொலரும், ஹைனிக்ஸ் 2005 இல் 185 மில்லியன் டொலரும், அதே ஆண்டிற் சம்சுங் 300 மில்லியன் டொலரும் தண்டமாக ஏற்றன. குதையைத் திறந்து வைப்பதால் மாத்திரம் உரியவரின் நலன் முற்றும் காக்கப்படாது என்பதற்கு இதுவே சான்று.

மீண்டும் மூடப்படும் குதை

மடிக்கணினிகளில் மெல்லிய வடிவத்தின்பொருட்டு நினைவகத்தைப் பலகையோடு ஒட்டும் வழக்கம் 2010 ஐ அடுத்த ஆண்டுகளிற் பரவிற்று. அது மேசைக் கணினியையும் தொட்டது. அப்பிளின் மக் மினி என்னும் சிறு மேசைக் கணினி 2014 இல் ஒட்டிய நினைவகத்தோடு வந்தது. 2018 இல் மீண்டும் குதை பெற்றது. 2020 இல் நினைவகம் செயலியின் பொதியினுள்ளேயே அடங்கிவிட்டது. வாங்கும் நாளில் எவ்வளவு நினைவகம் தெரியப்படுகின்றதோ அதுவே அக்கணினியின் ஆயுள் அளவாகும்.

இதனை வணிகப் பேராசை என ஒரேயடியாய்ப் பழிப்பது முறையன்று. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடைப்பட்ட தூரம் குறையுந்தோறும் வேகம் கூடும், மின்செலவு குறையும். உறுப்புக்களை உரியவரே மாற்றத்தக்க கணினிகளை ஆக்குவதையே கொள்கையாகக் கொண்ட பிரேம்வேர்க் நிறுவனம்கூட, 2025 பெப்ரவரியில் அறிவித்த மேசைக் கணினியில் நினைவகத்தைப் பலகையோடு ஒட்டவேண்டியதாயிற்று. தெரிந்தெடுத்த செயலியின் அகன்ற நினைவகப் பாதையைக் குதைவழி நம்பகமாக அமைக்க இயலாமையே காரணம். மறுபுறத்தில், திருகாணியால் இறுக்கப்படும் தட்டையான காம் 2 என்னும் புதிய நினைவகக் கூற்றுக்கு ஜெடெக் 2023 டிசம்பரில் தரம் வகுத்துள்ளது. வேகத்தையும் மாற்றும் வசதியையும் ஒருங்கே பெறுதல் இயலாததன்று என்பதற்கு இது அறிகுறி.

ஆயினும் சந்தையின் போக்கு வேறாகவே தோன்றுகின்றது. செயற்கை நுண்ணறிவுக்கென எழும் பெருங் கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருந்தொகையிற் கொள்வனவு செய்தமையால் 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விலை கடுமையாக ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மைக்குரோன் நிறுவனம், தன் குருசியல் என்னும் பெயரில் வீட்டுப் பாவனையாளருக்கு நினைவகக் கூறுகளை விற்கும் தொழிலிலிருந்து 2026 பெப்ரவரியோடு விலகுவதாக அறிவித்தது. குதை திறந்திருந்தும் அதற்குரிய பொருள் எட்டாததாகலாம் என்னும் அச்சம் இதனால் எழுந்துள்ளது.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலனாகும். வீட்டார் தம் கணினியைத் தாமே வளர்க்கும் ஆற்றலைப் பெற்ற காலங்களிலெல்லாம் மூன்று ஒருங்கே இருந்தன: கழற்றத்தக்க நினைவகம், பலரும் ஏற்ற பொது அளவு, போட்டியால் நிமிர்ந்து நின்ற சந்தை. முதலாவது இல்லாதபோது முதல் மக்கின்ரொஷ் வாங்கினோர் இழந்தனர். இரண்டாவது உறுதியுறுமுன் சின்கிளேயர்க் கணினியின் உரியவர் தம் உழைப்பை ஓர் அசைவில் இழந்தனர். மூன்றாவது குன்றியபோது உலகெங்கும் வீட்டார் மிகை விலை கொடுத்தனர்.

வசதி படைத்தோருக்கு இவ்வாற்றல் பெரிதாகத் தோன்றாது; அவர்கள் புதிய கணினியையே வாங்குவர். ஒரு கணினியைப் பிள்ளைகள் பலர் பகிர்ந்து படிக்கும் வீட்டுக்கும், கொடையாகப் பெற்ற பழைய கணினிகளாற் கூடம் நடத்தும் பாடசாலைக்குமே அது உயிரானது. அவர்களுக்கு இரண்டாவது குதை வெறுமையாயிருத்தல் குறையன்று. நாளைக்கென ஒதுக்கிய இடமாகும். கணினி வாங்குவோர் அதன் வேகத்தையும் விலையையும் வினவுவதோடு, அதனுள் வெறுமையான குதை உண்டோ என்பதையும் வினவும் வழக்கத்தைக் கைக்கொள்ளுதல் தகும். வாங்குவோர் பலர் அவ்வினாவை எழுப்பும் வரையுமே விற்போர் அதனை நினைவில் வைத்திருப்பர்.